ஷார்த்ர் பேராலயத்தை வழிகாட்டியோடு பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

பாரிஸுக்கு வரும் உறவினர்களை நான் ஒரு நாளாவது பக்கத்திலுள்ள ஷார்த்ர் (Chartres) நகரத்துக்கு அனுப்பிவைப்பேன். திரும்பி வந்ததும் அநேகமாக எல்லோரும் சொல்வது இதுதான்: "நன்றாகத்தான் இருந்தது. கழுத்துதான் வலிக்கிறது. வழிகாட்டி ஏதோ ஒரு சன்னலைக் காட்டிப் பேசினார். எந்தச் சன்னல் என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டார்." இந்தக் கடைசிப் புகாரைத் தீர்ப்பதற்காகவே இந்தப் பதிவு. விசா, விடுதி, பாரிஸில் எங்கே சோறு கிடைக்கும் என்பதைப் பற்றியெல்லாம் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

பிரான்ஸில் கோதிக் (கூர்வளைவுகளும் பெரிய சன்னல்களும் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணி) பேராலயங்களுக்குக் குறைவில்லை. ரேன்ஸ், அமியான், பூர்ஜ், பாரிஸின் நோத்ரு-தாம் என்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆனால் முதல்முறை பார்க்கிறவருக்கு ஷார்த்ர்தான் சரி என்பது என் கட்சி. 1194-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தீவிபத்தில் பழைய ஆலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. முகப்பும் கோபுரங்களும் நிலவறையும் தப்பின. மற்றதையெல்லாம் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் எழுப்பிவிட்டார்கள். 1260-இல் அபிஷேகம் நடந்தது. அதனால் உள்ளே நின்று பார்த்தால் கட்டடம் முழுக்க ஒரே சிந்தனையில் உருவானது தெரியும். அதைவிட முக்கியம், 176 வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் பெரும்பாலானவை 12, 13-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியோடு இன்றும் இருக்கின்றன. 1939-இல் போர் வந்தபோது அவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, போர் முடிந்தபின் திரும்பப் பொருத்தினார்கள்.

படி 1: நாளையும் வேளையையும் தேர்ந்தெடுங்கள்

ஞாயிறு காலை வேண்டாம். திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. பெந்தெகொஸ்தே திங்களன்றும் (ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் விழாவின் மறுநாள்) வேண்டாம். பாரிஸிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் நடந்தே வரும் ஆயிரக்கணக்கான யாத்ரீகர்கள் அன்று ஆலயத்தை நிறைத்திருப்பார்கள். அந்த யாத்திரையைப் பார்ப்பதே நோக்கம் என்றால் அது வேறு.

நடுக்கூடத்தின் தரையில் 13-ஆம் நூற்றாண்டில் பதித்த வட்டமான புதிர்வழி ஒன்று இருக்கிறது. குறுக்களவு 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆனால் உள்ளே நடக்கும் பாதையின் நீளம் 260 மீட்டருக்கு மேல். பெரும்பாலான நாட்களில் அதன் மேல் நாற்காலிகளைப் போட்டுவிடுவார்கள். தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கி இலையுதிர்காலம் வரை பொதுவாக வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை அகற்றி நடக்க விடுகிறார்கள். எனவே வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஒத்துவந்தால் வெள்ளிக்கிழமையே போங்கள்.

இனி வெளிச்சம். ஆலயங்கள் கிழக்கு நோக்கி இருக்கும் என்ற கணக்கில் திட்டமிட்டால் ஷார்த்ரில் ஏமாற்றமே மிஞ்சும். இதன் பீடப்பகுதி வடகிழக்கை நோக்கித் திரும்பியிருக்கிறது. கையேடுகள் "தெற்குச் சாளரம்" என்று சொல்வது உண்மையில் தென்கிழக்கில் இருப்பதால் காலை வெயில் அங்கேதான் விழும். "மேற்கு முகப்பு" தென்மேற்கைப் பார்ப்பதால் பிற்பகலில் ஒளிரும். காலையில், நுழையும்போது வலப்பக்கமுள்ள சன்னல்கள், மதியத்துக்குப் பிறகு வாசலுக்கு மேலுள்ள சன்னல்கள் என்று வைத்துக்கொண்டால் போதும். மேகமூட்டமாக இருக்கிறதே என்று பயணத்தைத் தள்ளிவைக்காதீர்கள். மெல்லிய மேகம் இருக்கும் நாளில் ஒளி சீராகப் பரவி, நீலம் கண்ணைக் கூசாமல் நிற்கும்.

படி 2: ரயில்

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து வட்டார ரயில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். இருக்கை முன்பதிவு கிடையாது. முதலில் ஏறுகிறவர் உட்காரலாம். ஷார்த்ரை நெருங்கும்போது கோதுமை வயல்களுக்கு மேலே இரண்டு கோபுரங்கள் மட்டும் தெரியும். இறங்கிய பிறகு வழி கேட்கத் தேவையில்லை, அவற்றைப் பார்த்து மேடேறினால் போதும். பத்துப் பதினைந்து நிமிட நடை.

படி 3: எந்தச் சுற்று?

ஆலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. கட்டணம் வழிகாட்டிச் சுற்றுகளுக்குத்தான். அவை மூன்று வகை: பிரதான ஆலயம், நிலவறை, மேல்தளமும் கோபுரமும். மூன்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். முதல்முறை போகிறவர் பிரதான ஆலயச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தெம்பிருந்தால் பிறகு நிலவறைக்கு இறங்குங்கள். அங்கே வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. 11-ஆம் நூற்றாண்டில் ஆயர் ஃபுல்பேர் காலத்தில் கட்டிய நீண்ட நிலவறை அது. முப்பது மீட்டருக்கு மேல் ஆழமான பழைய கிணறு ஒன்றும் உள்ளே இருக்கிறது. மேல்தளச் சுற்று முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு.

மொழியைக் கவனித்து டிக்கெட் எடுங்கள். பிரெஞ்சுச் சுற்றுகளே அதிகம். ஆங்கிலச் சுற்றுக்கும் இங்கே நல்ல மரபு உண்டு: மால்கம் மில்லர் என்ற ஆங்கிலேயர் 1958-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இந்த ஒரே ஆலயத்தை விளக்கிச் சொல்வதையே வாழ்க்கையாக வைத்திருந்தார். ஆங்கிலச் சுற்றின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், புறப்படும் வாரத்தில் பேராலயத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காதில் மாட்டும் ஒலிக்கருவி எனக்குப் பிடிக்காது. அது எல்லாவற்றையும் சொல்லும், நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மனிதர் சொல்லும்போது கையை நீட்டிக் காட்டுவார், குறுக்கே கேள்வியும் கேட்கலாம்.

படி 4: பைனாகுலர்

இதில் மட்டும் சமரசமே இல்லை. தலைக்கு மேல் சுமார் 37 மீட்டர் உயரத்தில் கூரை. மேல்வரிசைச் சன்னல்களின் உருவங்களைக் கண்ணால் பார்த்தால் நிறம் தெரியும், முகம் தெரியாது. 8×30 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 30 மி.மீ.) சாதாரண பைனாகுலர் போதும். "பத்து மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், வாங்காதீர்கள். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். மடக்கு வகைக் குட்டி பைனாகுலர்கள் மங்கலான ஆலயத்துக்குள் இருட்டாகக் காட்டும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. படம் எடுக்கும்போதும் இருண்ட சுவரை அளவெடுத்துக்கொண்டு அது கண்ணாடியை வெளுக்க வைத்துவிடும். திரையில் கண்ணாடியின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

இவற்றோடு ஒரு மேல்சட்டை. ஜூலையிலும் கல் குளிரும்.

படி 5: சுற்று தொடங்குமுன் வெளியே அரை மணி நேரம்

வழிகாட்டிகளுக்கு நேரம் போதாது என்பதால் வெளிப்புறத்தை அவசரமாக முடிப்பார்கள். நீங்களே முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

முதலில் பக்கவாட்டில் போய்ச் சுவரைப் பாருங்கள். கல் கூரை கீழ்நோக்கி மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் சுவரைத் தள்ளும். பழைய முறையில் அதைத் தாங்கச் சுவரைத் தடிமனாகக் கட்டி, சன்னலைச் சிறிதாக்கினார்கள். கோதிக் கொத்தர்கள் கூர்வளைவுகளாலும் விலா எலும்பு போன்ற கல் வரிகளாலும் பாரத்தைக் குறிப்பிட்ட இடங்களில் குவித்தார்கள். அந்த இடங்களிலிருந்து பாலம்போல் அந்தரத்தில் தாவும் வளைவுகளை வைத்து, வெளியே நிற்கும் பருத்த தூண்களுக்குப் பாரத்தைக் கடத்தினார்கள். அந்தத் தாவுவளைவுகள் இங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. நடுவே சக்கரத்தின் ஆரங்கள்போல் குட்டித் தூண்களும் உண்டு. சுவருக்கு வேலை இல்லாமல் போனதால் சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வந்தது. இது புரிந்தால் உள்ளே வழிகாட்டி சொல்வதில் பாதி தானாக விளங்கும்.

கூரை பச்சையாக இருப்பது செம்பினால். பழைய மரச்சட்டம் 1836-இல் எரிந்துபோக, இரும்புச் சட்டம் போட்டுச் செம்புத்தகடு வேய்ந்தார்கள். 2019-இல் பாரிஸ் நோத்ரு-தாமின் மரக்கூரை எரிந்தபோது இங்குள்ளவர்கள் அந்தப் பழைய கதையை நினைத்திருப்பார்கள்.

பிறகு மேற்கு வாசல், 12-ஆம் நூற்றாண்டு வேலை. தூணோடு தூணாக நீண்டு நிற்கும் அரசர்களையும் அரசிகளையும் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் வலப்பக்கக் கதவின் மேல்வளைவைப் பாருங்கள். இலக்கணம் ஒரு பெண்ணாக, கையில் பிரம்போடு உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் இரண்டு மாணவர்கள். ஒருவன் மற்றவனின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான். ராசிச் சக்கரம் இடப்பக்கக் கதவில் இருக்கிறது. மீனத்துக்கும் மிதுனத்துக்கும் அங்கே இடம் போதாமல், இந்த வலப்பக்கக் கதவுக்கு வந்து ஒண்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றை நீங்களே தேடிக் கண்டுபிடித்தால் சுற்றுக்குமுன் கண் பழகிவிடும்.

படி 6: ஒரு சன்னலைப் படிக்கப் பழகுங்கள்

எல்லோரும் இடறும் இடம் இதுதான், இங்கே நிதானமாகப் போகலாம்.

முதல் சிக்கல், எந்தச் சன்னல் என்பது. கையேடுகளில் சன்னல்களுக்கு எண் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட எண்முறை புழக்கத்தில் இருப்பதால், பழைய புத்தகத்தின் எண்ணும் புதிய புத்தகத்தின் எண்ணும் ஒத்துப்போகாது. எண்ணை மறந்துவிட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள். மேற்கு வாசலில் நுழைந்து, கோபுரங்களின் அடிப்பகுதியைத் தாண்டி, வலப்பக்க ஓரப்பாதையில் நடங்கள். கீழ்வரிசையில் முதலாவது யோவான், இரண்டாவது மகதலேனா மரியாள், மூன்றாவது நல்ல சமாரியன். ஐந்தாவது இடத்தில் வெளியே துருத்தி நிற்கும் சிற்றாலயம் ஒன்று வரும். அது 15-ஆம் நூற்றாண்டில் சேர்த்தது, பார்த்தாலே வேறு காலம் என்று தெரியும். அது வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள், திரும்புங்கள்.

இந்தச் சமாரியன் சன்னலைத்தான் பழக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். கீழே இருக்கிறது, கதை தெரிந்த கதை, வடிவமும் தெளிவு.

இரண்டாம் சிக்கல், திசை. புத்தகம் படித்துப் பழகிய கண் தானாக மேலே இடமூலைக்குப் போகும். அங்கே தொடங்கினால் முடிவிலிருந்து தொடங்கியதாகிவிடும். அடியில் தொடங்கி மேலே போங்கள், ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து வலம். நான்கிதழ்ப் பூவைப்போல் கட்டங்கள் கூட்டமாக அமைந்திருந்தால் கீழிதழ், பிறகு இடமிருந்து வலம், கடைசியில் மேலிதழ். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் தொடங்குகிறவருக்கு இந்த விதி நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் கைகொடுக்கும்.

சரி, பைனாகுலரை எடுத்து அடியில் வையுங்கள். அங்கே கதை இல்லை. செருப்புத் தைப்பவர்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிடப் பெரிதாக "உபயம்" என்று எழுதியிருப்பதைப்போல, இதுவும் இன்னார் உபயம் என்பதற்கான அடையாளம் என்றே நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். உண்மையில் அவர்களே பணம் கொடுத்தார்களா, நிர்வாகம் தன் விருப்பத்துக்கு அவர்களை வரைய வைத்ததா என்று வரலாற்றாசிரியர்களுக்குள் விவாதம் உண்டு. மற்ற சன்னல்களிலும் அடியைப் பாருங்கள்: பக்கத்து மகதலேனா சன்னலில் தண்ணீர் சுமப்பவர்கள், எதிர்ப்பக்க நோவா சன்னலில் தச்சர்கள்.

அதற்கு மேலே கதை. இயேசு உவமை சொல்கிறார். ஒருவன் எருசலேமிலிருந்து புறப்படுகிறான். கள்வர்கள் அடித்து, உடையை உருவுகிறார்கள். குருவும் லேவியனும் (ஆலயப் பணியாளன்) பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சமாரியன் காயத்தைக் கட்டி, தன் விலங்கின் மேல் ஏற்றிச் சத்திரத்துக்கு அழைத்துப்போகிறான். இதுவரை எளிது.

இதற்கு மேல் திடீரென்று ஆதாம் வருகிறான். படைப்பு, ஏவாள், விலக்கப்பட்ட மரம், துரத்தப்படுதல், ஆதாம் மண்ணைக் கொத்த ஏவாள் நூல் நூற்பது, காயீன் ஆபேலைக் கொல்வது என்று போய், உச்சியில் அரியணையில் கிறிஸ்து. இரண்டு சன்னல்களின் துண்டுகள் கலந்துவிட்டனவோ என்று தோன்றும், கலக்கவில்லை. இடைக்கால இறையியலில் எருசலேமைவிட்டுப் போகிற பயணி, சொர்க்கத்தை இழந்த மனிதன். அவனைத் தூக்கிவிடும் சமாரியன், கிறிஸ்து. கீழ்ப்பாதி கதை, மேல்பாதி அதன் உரை. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தால் அடிபட்டுக் கிடப்பவனும் ஆதாமும் ஒருவரே என்பது பிடிபடும். இந்த ஒரு சன்னலுக்குக் கால்மணி நேரம் கொடுங்கள்.

என் சித்தி இங்கே நின்றுகொண்டு, "இவ்வளவு செலவு செய்தவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதையே வழிகாட்டியிடம் கேட்கச் சொன்னேன். இவை எழுத்தறியாதவர்கள் படிப்பதற்காக வரைந்தவை என்ற பழைய விளக்கத்தை அவர் அரைமனதோடுதான் சொன்னார். இவ்வளவு உயரத்தில் இருப்பதைக் கதை தெரியாதவரால் படிக்க முடியாது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆக, வழிகாட்டி என்ற வேலைக்கும் 800 வயது ஆகியிருக்கலாம் என்றார் சித்தி.

படி 7: சுற்றின்போது

வழிகாட்டிக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அப்போதுதான் அவர் கை நீட்டும் கோடு உங்களுக்குத் தெரியும். எந்தச் சன்னல் என்று புரியவில்லையென்றால் உடனே கேளுங்கள். "வாசலிலிருந்து எத்தனையாவது?" என்ற ஒரே கேள்வி போதும்.

அவசியம் காட்டச் சொல்ல வேண்டியவை என் பட்டியலில் மூன்றுதான். ஒன்று, வாசலுக்கு மேலுள்ள மூன்று உயரமான சன்னல்கள். தீவிபத்துக்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்தவை. உள்ளே நின்று வாசலைப் பார்த்தால் வலப்பக்கம் இருப்பது ஈசாய் மரம்: அடியில் படுத்திருக்கும் ஈசாயிடமிருந்து (தாவீது அரசரின் தந்தை) மரம் முளைத்து, அரசர்கள் வழியாக மரியாளுக்கும் இயேசுவுக்கும் ஏறும். இதற்கும் அடியிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டு, பீடத்தைச் சுற்றும் பாதையின் தென்பக்கத் தொடக்கத்திலுள்ள நீல மாதா. நடுவிலிருக்கும் மாதாவின் உருவம் தீயில் தப்பிய பழைய கண்ணாடி. சுற்றியுள்ள வானதூதர்கள் 13-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள். இரண்டு காலத்து நீலத்தையும் பைனாகுலரில் பக்கம் பக்கமாக ஒப்பிடலாம். மூன்று, தெற்கு ரோஜாச் சாளரத்துக்குக் கீழே நான்கு நற்செய்தியாளர்கள் நான்கு இறைவாக்கினர்களின் தோள்மேல் உட்கார்ந்திருக்கும் காட்சி. பெரியவர்கள் குழந்தைகளைப்போல் உப்புமூட்டை ஏறியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காமல் வந்தவர்கள் குறைவு.

மாதாவின் ஆடை என்று போற்றப்படும் துணியையும் இங்கே வைத்திருக்கிறார்கள். 876-இல் மன்னர் சார்லஸ் கொடுத்தது என்பது மரபு. 1194 தீயில் போய்விட்டது என்று ஊரே அழுதபோது, மூன்றாம் நாள் நிலவறையிலிருந்து பத்திரமாக வெளியே வந்ததாகச் சொல்வார்கள். அங்கே மக்கள் முழந்தாளிட்டிருப்பார்கள். பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டு ஒதுங்கிப் போங்கள்.

பின்சேர்க்கைகள்

நவிகோ அட்டை (பாரிஸ் வட்டாரப் போக்குவரத்துப் பயண அட்டை) செல்லுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். செல்லாது. ஷார்த்ர், பாரிஸ் வட்டாரமான இல்-து-பிரான்ஸின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ரயில் மோன்பர்னாஸில் புறப்படுவதால் உள்ளூர் ரயில் என்று நினைத்து ஏறி, பரிசோதகரிடம் அபராதம் கட்டிய ஒரு வாசகரின் கடிதம் பார்த்த பிறகே இதைச் சேர்க்கிறேன். தனி டிக்கெட் எடுங்கள்.

"பழைய படங்களில் சுவர் கறுப்பாக இருக்கிறது, இப்போது வெண்ணெய் நிறத்தில் இருக்கிறதே, சாயம் பூசிவிட்டார்களா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருந்தார். 2009-இல் தொடங்கிய புனரமைப்பில் நூற்றாண்டுகளின் மெழுகுவத்திப் புகையையும் அழுக்கையும் அகற்றி, 13-ஆம் நூற்றாண்டுப் பூச்சின் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதை எதிர்த்துப் பெரிய சர்ச்சையே நடந்தது. கறுப்பு மாதா என்று அறியப்பட்ட தூண் மாதா சிலை வெளிர்நிறமானபோது கோபம் இன்னும் கூடியது. சுவர் விஷயத்தில் நான் புனரமைத்தவர்கள் பக்கம், ஏனென்றால் இடம் வெளிச்சமாகிவிட்டதால் சிற்பங்கள் தெரிகின்றன. கண்ணாடியின் நீலம் முன்பிருந்த இருட்டில் கூடுதலாக ஒளிர்ந்தது என்பதையும் மறுக்கமாட்டேன்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: முழுச் சுற்றையும் அவர்கள் தாங்கமாட்டார்கள். சன்னல்களின் அடியில் யார் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று தேடவிடுங்கள். ஆளுக்கு ஒரு பைனாகுலர் இல்லையென்றால் சண்டை வரும்.